‘ஆள் நாங்களே பார்த்துக்கறோம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழில் கர்ப்பப்பை எடுத்த பிறகு வரும் உடம்பு உபாதைகள் பற்றி நாலு வரி எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி வாடகைத்தாய் பற்றித்தான் கேட்கின்றன. நான் டாக்டர் இல்லை, பிரசவ வார்டில் 31 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இதழ் முழுக்க இந்த விஷயத்துக்கே.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. கோபி பக்கம் கிராமம், வீட்டுக்காரருக்கு மஞ்சள் வியாபாரம். நாலு வருஷத்துக்கு முன்னாடி பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், குழந்தையும் தங்கவில்லை. எங்கள் சின்னம்மா மகள், எனக்குத் தங்கச்சி முறை, 31 வயசு, இரண்டு குழந்தைகள். அவளாகவே “நான் சுமந்து தர்றேன்”னு சொல்கிறாள். மூன்று கிளினிக் பார்த்தோம். முதல் இடத்தில், “தங்கச்சி எதுக்குங்க, ஆள் நாங்களே பார்த்துக்கறோம், பேக்கேஜ்ல எல்லாம் வந்துரும்” என்றார்கள். இரண்டாவது இடத்தில் எண்பது சதவீதம் வெற்றி என்று போர்டே வைத்திருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் அந்த டாக்டரம்மா சிரிக்கக்கூட இல்லை, “முதல்ல மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்று பத்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டார். வீட்டுக்காரருக்கு முதல் இடம் பிடித்திருக்கிறது. எங்கே போவது? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மணி, குழந்தையை இழந்து கர்ப்பப்பையையும் இழந்து, அதற்கப்புறம் மூன்று கிளினிக் படி ஏறி இறங்கியிருக்கிறீர்கள். அந்த அலைச்சலுக்கு முன்னால் நான் என்ன சொன்னாலும் லேசாகத்தான் தெரியும். அதனால் ஆறுதலை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி சுமக்கிற பெண்ணுக்கு மருத்துவச் செலவும் காப்பீடும் போன்றவை தவிர சம்பளமாகவோ அன்பளிப்பாகவோ எதுவும் தரக் கூடாது. காசுக்கு ஆள் பிடித்துத் தருகிற கிளினிக்குக்குப் பத்து வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். அது அவர்கள் பாடு என்று உங்கள் வீட்டுக்காரர் நினைக்கலாம். காசு கொடுத்து வாடகைத்தாய் தேடிப் போகிற தம்பதிக்கும் முதல் தடவையே ஐந்து வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் உண்டு என்பதையும் அவர் காதில் போட்டு வையுங்கள். ‘வாடகைத்தாய்’ என்ற பெயர்தான் ஊரில் நிலைத்துவிட்டது, வாடகை வாங்கினால் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பெயரை யாராவது மாற்றினால் பாதிக் குழப்பம் தீரும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த “ஆள்” எங்கிருந்து வருவாள் என்று யோசித்தீர்களா? நம் பக்கத்துத் தறிக்குடோனிலிருந்தும், கந்துக்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கிற வீட்டிலிருந்தும்தான் வருவாள். 2022-ல் ஈரோட்டில் பதினாறு வயசுப் பெண்ணின் கருமுட்டையை, வயசைக் கூட்டிப் போலி ஆதார் தயார் செய்து திரும்பத் திரும்ப விற்ற வழக்கு வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்களின் கிட்னியைப் புரோக்கர்கள் பேரம் பேசிய கதையும் அதே வழியில் வந்ததுதான். அப்புறம், அதே 2025-ல் செகந்திராபாத்தில் ஒரு தம்பதியிடம் 35 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு வாடகைத்தாய் மூலம் பிறந்த உங்கள் குழந்தை என்று ஒரு குழந்தையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். டிஎன்ஏ பார்த்தால் அவர்களுக்கும் குழந்தைக்கும் சம்பந்தமே இல்லை. வாடகைத்தாயே இல்லை, வேறொரு ஏழை வீட்டுக் குழந்தையைக் காசுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது போலீஸ் சொன்னது. சுமக்கிற பெண்ணைக் கண்ணில் காட்டாமல் ‘எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்’ என்கிற இடத்தில் உங்களுக்கும் இதுதான் நடக்கும் என்று நான் சொல்லவில்லை, நடந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை என்கிறேன்.

இரண்டாவது இடத்து எண்பது சதவீதத்துக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் மஞ்சள் வியாபாரிதானே, அவரிடமே கேளுங்கள்: காட்டில் முளைத்த கிழங்கை எண்ணி விலை பேசுவாரா, மூட்டை எடை போட்டுப் பேசுவாரா? கருவை வைத்த இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் அதையும் ‘வெற்றி’ என்று எண்ணுகிற இடங்கள் உண்டு. அதில் சிலது ஆறாவது வாரத்திலேயே கலைந்துவிடும். இன்னும் சிலது ஸ்கேனில் துடிப்பு வராமல் நின்றுவிடும். நீங்கள் கேட்க வேண்டியது இது: நூறு தடவை கரு வைத்தால் எத்தனை தடவை உயிரோடு குழந்தை வீட்டுக்குப் போனது, அதுவும் முட்டை கொடுத்த பெண்ணுக்கு என் வயசு இருந்த கேஸ்களில் எத்தனை? வாடகைத்தாய் விஷயத்தில் கர்ப்பப்பை நல்ல ஆரோக்கியமான பெண்ணுடையது, அதனால் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முட்டையின் வயசுதான். உங்களுக்குக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் சினைப்பைகள் இருக்கும், முட்டை உங்களுடையதாகவே இருக்கலாம். ஏஎம்ஹெச் என்கிற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தால் முட்டைக் கையிருப்பு தெரியும். 34 நல்ல வயசுதான், ஆனால் 37, 38 தாண்டினால் வேகமாகக் குறையும், அதனால் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை கரு வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். விதிப்படி ஒரு தடவைக்கு ஒரு கருதான், விசேஷ காரணம் இருந்தால் மட்டும் மூன்று வரை. “ரெட்டைக் குழந்தையா வாங்கிட்டுப் போயிருங்க, ஒரே செலவு” என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ரெட்டை என்றால் குறைமாதம், பிரஷர், ரத்தப்போக்கு எல்லாமே கூடும். சுமக்கப்போவது உங்கள் தங்கச்சி உடம்பு, அதை ஒரே செலவு என்று கணக்குப் போடக் கூடாது. பையன்தான் வேண்டுமா என்று யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுங்கள். அதுவும் குற்றம், நம் பக்கம் அந்த ஆசையால் எத்தனை பொட்டப்புள்ளைகள் போனது என்பது பிரசவ வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சிரிக்காத டாக்டரம்மாவுக்கு என் ஓட்டு. காகிதம் முதலில், காசு பிறகு என்று சொன்ன ஒரே இடம் அதுதான். அவர் கேட்ட சர்டிபிகேட் மாவட்ட மெடிக்கல் போர்டு தருவது. உங்களுக்கு வாடகைத்தாய் மருத்துவரீதியாகத் தேவை என்று அவர்கள் எழுதித்தர வேண்டும், கர்ப்பப்பை இல்லாதது அதற்கு நேரடியான காரணம். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்த கர்ப்பப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட்டும் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே போய் நகல் கேளுங்கள், வருஷம் ஆக ஆக ரெக்கார்ட் ரூமில் எதுவும் அகப்படாது. அடுத்து, பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெற்றோர் நீங்கள்தான் என்று மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு. அப்புறம் தங்கச்சி பேரில் 36 மாசத்துக்குக் காப்பீடு. இதெல்லாம் சேர்ந்த பிறகுதான் அரசின் அனுமதிச் சான்றிதழ். உங்களுக்கு உயிரோடு வேறு குழந்தை இல்லை, உங்கள் வயசு 23-லிருந்து 50-க்குள், வீட்டுக்காரர் 26-லிருந்து 55-க்குள் என்றால் தகுதி சரி. தங்கச்சிக்கு 25-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகி சொந்தக் குழந்தை இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான், அவளுடைய முட்டையைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாம் பொருந்துகிறது. சொந்தக்காரப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மசோதாவில் ஒரு காலத்தில் அப்படி இருந்தது, சட்டமாக வந்தபோது ‘விருப்பமுள்ள பெண்’ என்று ஆகிவிட்டது.

ஆனாலும் டாக்டரம்மா சிரிக்கவில்லை என்பதற்காகவே நல்லவர் என்று முடிவு கட்டாதீர்கள், அவரிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. சுவரில் பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு ஒரு பதிவு, வாடகைத்தாய் சிகிச்சைக்குத் தனியாக இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் செய்கிற இடம் வேண்டாம். வாடகைத்தாய் பதிவு மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். கரு வளர்க்கிற லேபில் எம்ப்ரியாலஜிஸ்ட் தினமும் இருக்கிறாரா, வெளியூரிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிறாரா? முட்டையும் விந்தும் டப்பா மாறாமல் இருக்க, லேபிளை இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களா? டாக்டர் கைராசி என்று நாம் சொல்வதில் பாதி, பெயர் தெரியாத அந்த லேப்காரரின் கைதான். மிச்சமாகிற கருவை உறையவைத்தால் வருஷா வருஷம் என்ன கட்டணம், கேட்டு எழுதி வாங்குங்கள். சட்டப்படி பத்து வருஷம் வரைதான் வைத்திருக்கலாம்.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைக்கிற கேள்வி வேறு. குழந்தை பிறந்த அன்றைக்கு மறுநாள் தங்கச்சியை யார் பார்ப்பார்கள்?

இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால், எங்கள் வார்டுக்கு ஒரு ராத்திரி ஒரு பெண் வந்தாள். வேறு ஊரில் ஏதோ ஆஸ்பத்திரியில் சிசேரியன், தையலில் சீழ், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், மாரில் பால் கட்டிக் கல்லு மாதிரி இருந்தது. குழந்தை எங்கேம்மா என்று நான் கேட்டேன், வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். “அது என்னோடதில்லீங்க” என்றாள். பணத்தையும் பஸ் காசையும் கையில் கொடுத்து ஐந்தாம் நாள் அனுப்பியிருக்கிறார்கள். பால் வற்ற மாத்திரை இருக்கிறது, மார்பை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. குழந்தை இல்லாவிட்டாலும் பால் ஊறும் என்பதே அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் நினைவில்லை போல. அன்றிலிருந்து யார் கிளினிக் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறேன். பிரசவம் எங்கே, அங்கே பச்சிளங்குழந்தை ஐசியூ இருக்கிறதா, ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் பட்டால் எந்த நம்பர், தையல் பிரிக்கிறது யார், ஆறு வாரம் கழித்துப் பார்க்கிறது யார், கவுன்சிலர் பிரசவத்துக்குப் பிறகும் அவளோடு பேசுவாரா? கோபியிலிருந்து கோயமுத்தூர் போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, எட்டாம் மாசத்தில் அந்த ரோட்டில் அவளை இழுத்தடிக்க முடியாது. உள்ளூரில் ஒரு மகப்பேறு டாக்டரோடு சேர்ந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்துக்குப் போங்கள். நீங்கள் போன மூன்றில் எதுவும் சரிப்படாவிட்டால் நாலாவது பாருங்கள்.

கேள்வி: எனக்கு 29, திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலர். ஒரு பையன் இருக்கிறான். எங்கள் நங்கையா (வீட்டுக்காரரோட அக்கா) அவருக்காகச் சுமந்து தரச் சொல்லிக் கேட்கிறார். வீடு கட்டும்போது அவர்தான் பணம் கொடுத்து உதவினார். முடியாது என்று எப்படிச் சொல்ல? சொன்னால் வீட்டில் மூஞ்சி கொடுத்துப் பேச மாட்டார்கள். கிளினிக்கில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: உங்கள் கடிதத்தில் “எனக்கு விருப்பம்” என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

காசு வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னது புரோக்கரை ஒழிக்கத்தான், சரிதான். ஆனால் கடனை வேறு மாதிரி வசூலிப்பது குடும்பத்துக்குள் ரொம்பச் சுலபம், அதைச் சட்டத்தால் பார்க்க முடியாது. கிளினிக்கில் கவுன்சிலர் இருந்தே ஆக வேண்டும். உங்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். வீட்டுக்காரரோ நங்கையாவோ அந்த அறையில் இருக்கக் கூடாது. அங்கே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நல்ல டாக்டர்கள் இதை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்கள். ‘இந்தப் பொண்ணு உடம்புக்கு ஒத்துவராது’ என்று மட்டும் வெளியே சொல்லி அனுப்புவார்கள், உங்கள் தலையில் பழி விழாது. உங்களைத் தனியாக விடவே மாட்டேன் என்கிற கிளினிக் என்றால், அது யாருடைய கிளினிக் என்று புரிந்துகொள்ளுங்கள்.

யோசித்துப் பார்த்து, நிஜமாகவே செய்யலாம் என்று தோன்றினால் அதுவும் நல்ல காரியம்தான். சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும், ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கருவை உள்ளே வைக்கிற நிமிஷம் வரை நீங்கள் மனசு மாறலாம், அது உங்கள் உரிமை. உங்கள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது. முயற்சி அதிகபட்சம் மூன்று தடவைதான். அந்த 36 மாசக் காப்பீட்டின் நகல் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும், நங்கையா பீரோவில் அல்ல. ஷிப்டுக்குப் போக முடியாத மாசங்களின் கூலியைப் பற்றி முன்கூட்டியே கிளினிக்கில் வைத்தே பேசிவிடுங்கள். எது செலவு, எது சம்பளம் என்பதில் பின்னால் வம்பு வரக் கூடாது. குனிந்து உட்கார்ந்து மெஷின் மிதிக்கிற பெண்ணின் கூலியை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை என்பதில் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு.

கேள்வி: விவாகரத்து ஆகி மூன்று வருஷம், வயசு 37, பொள்ளாச்சி. எனக்கு அனுமதி உண்டா? தோழி ஒருத்தி கல்யாணமே செய்யவில்லை, அவளும் கேட்கிறாள்.

பதில்: உங்களுக்கு உண்டு. விதவையோ விவாகரத்து ஆனவரோ 35-லிருந்து 45 வயசுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காரணம் வேண்டும், முட்டை உங்களுடையதாகவே இருக்க வேண்டும், விந்து தானமாகப் பெறலாம். தோழிக்கு இப்போதைய சட்டத்தில் இடமில்லை. எனக்கும் இது நியாயமாகப் படவில்லை.

கேள்வி: எனக்கு 53, வீட்டம்மாவுக்கு 51. மகன் விபத்தில் போய்விட்டான். வயசு தாண்டிவிட்டது என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள், இன்னொருவர் ‘பார்த்துக்கலாம்’ என்கிறார். (வெள்ளகோவில்)

பதில்: ஐயா, முதலில் சொன்னவர் உண்மையைச் சொன்னார். அம்மாவுக்கு 50 தான் வரம்பு. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே நீங்கள் சிகிச்சை தொடங்கிக் கருவை உறையவைத்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு வயசு வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் ‘பார்த்துக்கலாம்’ என்றவரிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

தத்து எடுக்க மனசு உண்டா? உங்கள் இரண்டு பேர் வயசையும் கூட்டினால் 104, அரசு விதிப்படி எட்டு வயசுக்கு மேற்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க 110 வரை போகலாம். கைக்குழந்தை கிடைக்காது. எட்டு வயசுக் குழந்தை கேள்வி கேட்கும், கோபித்துக்கொள்ளும், வீட்டுக்குப் பழகவே நாளாகும். அதற்கு மனசு தயாரா என்று இரண்டு பேரும் நாலு நாள் பேசிப் பாருங்கள்.

கேள்வி: எம்பட மருமகளுக்காக அவ தங்கச்சி சுமக்கறா, இப்ப ஆறு மாசம். பொறக்கற கொழந்தைக்கு யார் கொணம் வரும்? ஏழாம் மாசத்துக் கட்டுச்சோறு யாருக்குங்க கொண்டுபோறது, மருமகளுக்கா, அவளுக்கா? (காங்கயத்திலிருந்து ஒரு அப்பத்தா, பேத்தியை விட்டு எழுதச் சொன்னது)

பதில்: அப்பத்தா, முட்டை உங்கள் மருமகளுடையது, விந்து உங்கள் மகனுடையது என்றால் மூக்கும் முழியும் உங்கள் வீட்டுச் சாடைதான். அந்தப் பெண் உணவும் இடமும் கொடுக்கிறாள், அவள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் குழந்தைக்கு நல்லது, அவ்வளவுதான் சம்பந்தம். கொணம் என்று நீங்கள் சொல்வது வளர்க்கிற வீட்டில் வருவது, அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

கட்டுச்சோறு சுமக்கிறவளுக்குத்தான், பசிப்பது அவளுக்கு. மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பேர் கையிலும் வளையல் போடுங்கள், ஊர் பேசினால் பேசட்டும். சர்க்கரைப் பொங்கல் கிளறுவதற்கு முன்னால் மட்டும் அவளுக்குச் சுகர் பார்த்தார்களா, எவ்வளவு இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதிகம் என்றால் பொங்கலை விட்டுவிட்டு ஒரு சட்டி தயிர்சாதம் சேர்த்துக் கட்டுங்கள், அதையும் ரெண்டு கரண்டிக்கு மேல் திணிக்க வேண்டாம்.